எச்ஐவியோடு வாழ்பவருக்குச் சிறுநீரகம் செயலிழந்தால்: டயாலிசிஸா, காத்திருப்பா, எச்ஐவி இருந்தவரின் கிட்னியா?

பத்துப் பதினைந்து ஆண்டுகளாக எச்ஐவி மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு வருகிற ஒருவர். ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கிக் கிடக்கிறது. ஆனால் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, பழைய மருந்துகளின் பக்கவிளைவு என்று ஏதோ ஒன்று சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது. அமெரிக்காவில் உறுப்பு மாற்றுப் பட்டியலில் பெயர் பதியப் போனால், பல மருத்துவமனைகளில் இப்போது கூடுதலாக ஒரு கேள்வி வருகிறது: "எச்ஐவி இருந்த கொடையாளரின் சிறுநீரகம் கிடைத்தால் ஏற்றுக்கொள்ளச் சம்மதமா?"

இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டு நிற்பவர்கள் பெரும்பாலும் இரண்டு விதம். "ஏற்கெனவே இருக்கிற நோயே போதும், இன்னொருவரின் வைரஸையும் சேர்த்து வாங்குவானேன்" என்று உடனே மறுப்பவர்கள் ஒரு பக்கம். "எனக்கும் எச்ஐவி, அவருக்கும் எச்ஐவி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது" என்று உடனே தலையாட்டுபவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பேரும் அவசரப்படுகிறார்கள் என்பது என் கருத்து. என் முடிவு எந்தப் பக்கம் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலானோருக்குச் சம்மதிப்பதே நல்லது. ஆனால் அதற்கான காரணமும், யாருக்கு அது பொருந்தாது என்பதும் விவரமாகப் பார்க்க வேண்டியவை.

## இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது

தொடங்கிய இடம் தென்னாப்பிரிக்கா. கேப் டவுனின் க்ரூட் ஸ்கூர் மருத்துவமனை, 1967இல் உலகின் முதல் இதய மாற்று அறுவை நடந்த அதே இடம். அந்த நாட்டின் அரசு மருத்துவமனைகளில் டயாலிசிஸ் இயந்திரங்கள் மிகக் குறைவு. அதனால் பின்னால் மாற்று அறுவைக்குத் தகுதி பெறக்கூடியவர்களுக்கே டயாலிசிஸ் என்று வடிகட்டினார்கள். எச்ஐவி உள்ளவருக்கு மாற்று அறுவை கிடையாது என்றால், டயாலிசிஸும் கிடையாது. இரண்டும் இல்லையென்றால் வீட்டுக்குப் போய்ச் சாக வேண்டியதுதான். அதே மருத்துவமனையில் மூளைச்சாவு அடைந்த சிலருக்கு எச்ஐவி இருந்தது என்பதால் அவர்களின் நல்ல சிறுநீரகங்கள் யாருக்கும் பயன்படாமல் போயின.

அறுவை மருத்துவர் எல்மி முல்லர் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். 2008இல் எச்ஐவி இருந்த கொடையாளர்களின் சிறுநீரகங்களை எச்ஐவி உள்ள நோயாளிகளுக்குப் பொருத்தினார். முதல் நால்வரின் விவரம் 2010இலும், 27 பேரின் விவரம் 2015இலும் மருத்துவ இதழில் வெளிவந்தன. அந்த 27 பேரில் மூன்றாண்டு முடிவில் உயிரோடிருந்தவர்கள் 84 சதவீதம், ஐந்தாண்டு முடிவில் 74 சதவீதம். பொருத்திய சிறுநீரகம் ஐந்தாண்டுக்குப் பின்னும் வேலை செய்தது 84 சதவீதம் பேருக்கு. வேறு வழியே இல்லாமல் கைவிடப்பட்டவர்களிடம் கிடைத்த எண்கள் இவை என்பதை மறக்கக் கூடாது.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே டயாலிசிஸ் எல்லோருக்கும் கிடைத்தது, ஆனால் எச்ஐவி உள்ளவரின் உறுப்பை எடுப்பதே 1988 முதல் சட்டப்படி தடை. அந்தத் தடையை நீக்கிய ஹோப் சட்டத்தில் ஒபாமா 2013 நவம்பரில் கையெழுத்திட்டார். ஆராய்ச்சியின் பகுதியாக மட்டுமே செய்யலாம் என்பது நிபந்தனை. 2016இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதல் அறுவைகள் நடந்தன. 2019 மார்ச்சில் அதே இடத்தில், எச்ஐவியோடு வாழும் ஒரு பெண் உயிரோடிருக்கும்போதே தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தார். 2024 நவம்பரில் அமெரிக்க அரசு, சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் அந்த ஆராய்ச்சி நிபந்தனையை எடுத்துவிட்டது. இதயம், நுரையீரல் போன்றவற்றுக்கு நிபந்தனை நீடித்தது.

இந்த ஏற்பாடு முழுவதும் எச்ஐவி உள்ள பெறுநருக்கு மட்டும்தான். எச்ஐவி இல்லாத ஒருவருக்கு இந்த உறுப்பு போகாது.

## எதை வைத்து எடை போடுவது

வழிகளைப் பார்க்கும் முன் அளவுகோல்களை வைத்துவிடலாம். என் கணக்கில் முக்கியத்துவ வரிசை இது:

1. எத்தனை ஆண்டு உயிரோடு இருக்கலாம்.
2. எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்.
3. பொருத்திய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்கும் வாய்ப்பு.
4. எச்ஐவி கட்டுப்பாடு கெடுமா, கொடையாளரின் வைரஸ் புதிதாக ஒட்டிக்கொள்ளுமா.
5. மருந்துகள் ஒன்றோடொன்று மோதுமா.
6. பணம், ரகசியம், வீட்டுச் சூழல்.

நாலாவதை முதலில் வைத்துத்தான் பெரும்பாலோர் யோசிக்கிறார்கள். பயம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் ஆளைக் கொல்வது முதல் மூன்றும், சத்தமில்லாமல் ஐந்தாவதும்.

எந்த மாற்று அறுவைக்கும் பொதுவான நுழைவுத் தகுதி ஒன்று உண்டு. அமெரிக்க ஆய்வுகளில் சிறுநீரகம் பெறுபவருக்கு சிடி4 அணு (எச்ஐவி தாக்கி அழிக்கும் எதிர்ப்பாற்றல் வெள்ளணு) எண்ணிக்கை 200க்குக் குறையக் கூடாது, வைரஸ் மருந்தால் அடங்கியிருக்க வேண்டும், எதிர்ப்பாற்றல் குறைந்தவரைத் தாக்கும் தீவிரமான சந்தர்ப்பவாதத் தொற்று எதுவும் அப்போது இருக்கக் கூடாது என்று வைத்திருந்தார்கள். இது இல்லாதவருக்குக் கீழே சொல்லும் ஒப்பீடு இன்னும் தொடங்கவே இல்லை. அவர் முதலில் எச்ஐவி மருத்துவரிடம் போய் அதைச் சரி செய்துகொள்ள வேண்டும்.

## வழி 1: டயாலிசிஸிலேயே தொடர்வது

வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் சுமார் நான்கு மணி நேரம். ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) போட்ட கையில் ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, ஊசி போடக் கூடாது. தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும், வாழைப்பழமும் இளநீரும் பொட்டாசியம் என்ற ஒரே காரணத்தால் விலக்கு. வயிற்றின் வழியே வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸ் சிலருக்கு இதைவிடச் சௌகரியம்.

இந்த வழியின் கவர்ச்சி, பெரிய முடிவு எதையும் எடுக்க வேண்டியதில்லை என்பதுதான். அறுவை இல்லை, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து இல்லை, எச்ஐவி மருந்தை மாற்ற வேண்டியதில்லை. மறைந்திருக்கும் விலை, உயிர். அமெரிக்கப் பதிவேடுகளை வைத்து 2017இல் வந்த ஓர் ஆய்வு, எச்ஐவி உள்ளவர்களில் மாற்று அறுவை செய்துகொண்டோரையும் டயாலிசிஸிலேயே இருந்தோரையும் ஒப்பிட்டது. ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது, அறுவை செய்துகொண்டோருக்கு இறப்பு அபாயம் 79 சதவீதம் குறைவு. அறுவை முடிந்த ஆரம்ப மாதங்களில் ஆபத்து கூடுதலாக இருப்பது உண்மைதான். அதைத் தாண்டியவர்களுக்குப் பலன் நீண்ட காலம் கிடைக்கிறது.

அப்படியானால் டயாலிசிஸ் யாருக்கு? இதயம் மிகவும் பலவீனமானவர், சமீபத்தில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர், மாத்திரையைத் தவறாமல் சாப்பிட முடியாத நிலையில் இருப்பவர். கடைசியாகச் சொன்னது குற்றச்சாட்டு அல்ல. மன அழுத்தம், குடி, வீடில்லாமை என்று ஆயிரம் காரணம் இருக்கலாம். ஆனால் நிராகரிப்பைத் தடுக்கும் மாத்திரையை விட்டுவிட்டால் சிறுநீரகம் போய்விடும், பட்டியலின் கடைசியில் மறுபடி நிற்க வேண்டும்.

## வழி 2: எச்ஐவி இல்லாதவரின் சிறுநீரகத்துக்காக மட்டும் காத்திருப்பது

படிவத்தில் "சம்மதமில்லை" என்று குறித்துவிட்டு, பொது வரிசையில் நிற்பது. அமெரிக்காவில் சிறுநீரகத்துக்காக 90,000 பேருக்கு மேல் காத்திருக்கிறார்கள். ஊருக்கு ஊர், ரத்த வகைக்கு ரத்த வகை வேறுபட்டாலும், மூன்று முதல் ஐந்து ஆண்டு என்பது சாதாரணம்.

இந்த வழிக்கு நீண்ட ஆதாரம் இருக்கிறது. 2010இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், எச்ஐவி இல்லாதவர்களின் சிறுநீரகத்தைப் பெற்ற 150 எச்ஐவி நோயாளிகளில் ஓராண்டுக்குப் பின் சுமார் 95 சதவீதம் பேரும், மூன்றாண்டுக்குப் பின் 88 சதவீதம் பேரும் உயிரோடிருந்தார்கள். எச்ஐவி தாறுமாறாகப் பெருகவும் இல்லை. ஆனால் அதே ஆய்வில் ஓராண்டுக்குள் 31 சதவீதம் பேருக்கு நிராகரிப்பு வந்தது. எதிர்பார்த்ததைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். எதிர்ப்பாற்றல் குறைந்தவர்தானே, நிராகரிப்பு குறைவாகத்தான் இருக்கும் என்று நினைத்தது தலைகீழானது. எச்ஐவியால் எதிர்ப்பாற்றல் அமைப்பு சோர்வது மட்டுமில்லை, கலைந்தும் போகிறது. அத்தோடு அந்தக் காலத்து எச்ஐவி மருந்துகள் நிராகரிப்பு மருந்தின் அளவைக் குழப்பிவிட்டன.

ஆக, நிராகரிப்பு என்ற பூதம் கொடையாளருக்கு எச்ஐவி இருப்பதால் வருவதல்ல. பெறுபவருக்கு எச்ஐவி இருப்பதால் வருவது. எச்ஐவி இல்லாத கிட்னிக்காகக் காத்திருப்பதால் இதிலிருந்து தப்பிவிட முடியாது.

இது யாருக்கு நல்லது? பல வகை எச்ஐவி மருந்துகளுக்கு ஏற்கெனவே வைரஸ் எதிர்ப்பு வளர்த்துக்கொண்டு, ஒன்றிரண்டு மருந்தின் தயவில் மட்டும் கட்டுப்பாட்டில் இருப்பவருக்கு. இன்னொரு வைரஸ் வந்தால் சமாளிக்க அவரிடம் கையிருப்பு இல்லை. காத்திருப்பு நேரம் ஏற்கெனவே கூடிவிட்டவர், எந்த நேரமும் அழைப்பு வரலாம் என்ற நிலையில் இருப்பவர், இவர்களுக்கும் மறுப்பதால் பெரிய இழப்பு இல்லை.

## வழி 3: எச்ஐவி இருந்த கொடையாளருக்கும் சம்மதிப்பது

தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இடம் இது. சம்மதித்தால் எச்ஐவி கிட்னி மட்டுமே வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. பொது வரிசையில் உங்கள் இடம் அப்படியே இருக்கும், இன்னொரு வாசலும் திறக்கும், அவ்வளவுதான். அந்த இரண்டாவது வாசலில் நிற்பவர்கள் குறைவு: எச்ஐவி உள்ளவர், சம்மதித்தவர், இதைச் செய்யும் மருத்துவமனையில் பதிந்தவர். அதனால் முறை சீக்கிரம் வர வாய்ப்பு அதிகம். இந்த வாசலில் வரும் சிறுநீரகங்களில் ஒரு பகுதி, உண்மையில் எச்ஐவியே இல்லாதவர்களுடையது. பரிசோதனையில் தவறுதலாகப் பாசிட்டிவ் வந்துவிட்ட கொடையாளர்கள் அவர்கள். முன்பு அந்த உறுப்புகள் வீணாகப் போயின. ஹோப் சட்டத்தின் எதிர்பாராத நல்ல விளைவு இது.

இப்போது எண்கள். முதலில் வந்த சிறிய ஆய்வு கவலை தந்தது. எச்ஐவி கொடையாளர் சிறுநீரகம் பெற்ற 25 பேரில் ஓராண்டு நிராகரிப்பு 50 சதவீதம், மற்ற 50 பேரில் 29 சதவீதம். புள்ளியியல்படி அந்த வித்தியாசம் உறுதியானதல்ல, ஆனாலும் எண்ணைப் பார்த்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். பிறகு 26 அமெரிக்க மையங்களில் 198 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2024 அக்டோபரில் வந்தது. பாதிப் பேருக்கு எச்ஐவி கொடையாளர், பாதிப் பேருக்கு எச்ஐவி இல்லாத கொடையாளர்.

| | எச்ஐவி இருந்த கொடையாளர் (99 பேர்) | எச்ஐவி இல்லாத கொடையாளர் (99 பேர்) |
|---|---|---|
| ஓராண்டில் உயிரோடு | 94% | 95% |
| மூன்றாண்டில் உயிரோடு | 85% | 87% |
| ஓராண்டில் சிறுநீரகம் வேலை செய்தது | 93% | 90% |
| மூன்றாண்டில் சிறுநீரகம் வேலை செய்தது | 84% | 81% |
| ஓராண்டுக்குள் நிராகரிப்பு | 13% | 21% |
| மூன்றாண்டுக்குள் நிராகரிப்பு | 21% | 24% |

ஒன்றுக்கொன்று சளைத்ததல்ல. நிராகரிப்பு எச்ஐவி கொடையாளர் பக்கம் குறைவாகக்கூடத் தெரிகிறது, ஆனால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். யாருக்கு எந்தக் கிட்னி என்று குலுக்கிப் போட்டு நடத்திய ஆய்வல்ல இது. எது முதலில் வந்ததோ அதைப் பொருத்தினார்கள். மூன்றாண்டுக்கு மேல் என்ன ஆகும் என்பதற்குக் கேப் டவுனின் 27 பேரைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. பத்து, பதினைந்து ஆண்டு வாழ வேண்டிய நாற்பது வயதுக்காரருக்கு இது சின்ன விஷயமல்ல.

சரி, அந்த வைரஸ் பயம்? கொடையாளரின் சிறுநீரகத்தில் அவருடைய வைரஸ் ஒளிந்திருக்கும், அதோடுதான் அது வரும். அந்த வைரஸ் உங்கள் மருந்துக்கு அடங்காத வகையாக இருந்தால் என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி. கேப் டவுன் நோயாளிகளின் ரத்தத்தைத் தொடர்ந்து ஆராய்ந்தபோது, சிலரிடம் கொடையாளரின் வைரஸ் தற்காலிகமாகத் தெரிந்தது, பிறகு மறைந்தது. 2024 ஆய்வில், வைரஸின் மரபு வரிசையைப் பார்க்க முடிந்த 58 பேரில் ஒருவருக்கு மட்டுமே இரண்டாவது வைரஸ் தொற்றியிருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. மருந்துக்கு மீண்டும் அடங்காமலே போனவர் யாரும் இல்லை. ஆனால் எச்ஐவி கொடையாளர் பக்கத்தில், வைரஸ் தற்காலிகமாக ரத்தத்தில் தலைகாட்டியது மூன்று மடங்கு அதிகம். இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மாத்திரையில் கொஞ்சம் அலட்சியம் உள்ளவருக்கு இந்த வழியில் தவறுக்கான இடம் குறைவு.

இன்னொரு மறைந்த விலை தூரம். எல்லா மையங்களும் இதைச் செய்வதில்லை. வீட்டிலிருந்து பக்கத்து மாநிலத்துக்கு விமானம் ஏறிப் போக வேண்டியிருக்கலாம், அறுவைக்குப் பின் சில வாரம் அந்த ஊரிலேயே தங்க வேண்டியிருக்கலாம். காப்பீடு வேறு மாநில மருத்துவமனையை ஏற்குமா என்பதைப் பதியும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

டயாலிசிஸில் உடம்பு தேய்ந்துகொண்டு போகிறவர், நீண்ட வரிசையுள்ள ஊரில் இருப்பவர், காத்திருக்க வேண்டிய ஆண்டு இன்னும் நிறைய மீதி இருப்பவர், வைரஸ் பல ஆண்டாக அடங்கியிருப்பவர், மருந்து மாற்றுவதற்குக் கையில் வேறு வழிகள் இருப்பவர், இவர்கள் எல்லோருக்கும் நான் சம்மதியுங்கள் என்றே சொல்வேன். சம்மதித்த பிறகும், அழைப்பு வரும் அந்த இரவில் குறிப்பிட்ட ஒரு கிட்னியை வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

## வழி 4: உயிரோடு இருக்கும் கொடையாளர்

வீட்டில் ஒருவர் கொடுக்கத் தயாராக, தகுதியாக இருந்தால் மேலே சொன்ன மூன்றையும் ஓரமாக வைக்கலாம். உயிரோடு இருப்பவரின் சிறுநீரகம் பொதுவாக அதிக காலம் உழைக்கிறது, நாள் குறித்துச் செய்யலாம், டயாலிசிஸ் தொடங்கும் முன்பே முடித்துவிடவும் கூடும்.

இங்கே விலை வேறு இடத்தில். கொடையாளரைச் சோதிக்கும்போது, "யாருக்கு, அவருக்கு என்ன நோய்" என்ற பேச்சு வராமல் இருக்காது. தன் எச்ஐவியை அண்ணன் தம்பியிடம் சொல்லாதவர் நம் ஊரில் ஏராளம். மருத்துவமனை ரகசியம் காத்தாலும், வீட்டில் ஒருவர் இரண்டு கேள்வி கேட்டால் போதும். இந்த ஒரே காரணத்துக்காக இறந்த கொடையாளரையே விரும்புகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

கொடுக்க விரும்புபவருக்கே எச்ஐவி இருந்தால்? மனைவிக்கும் எச்ஐவி, கணவனுக்கும் எச்ஐவி என்ற குடும்பங்களில் இது இயல்பாக எழும் கேள்வி. அமெரிக்க ஆய்வு விதிகளில் அப்படிப்பட்ட கொடையாளருக்குப் பெறுபவரைவிடக் கடுமையான தகுதி வைத்தார்கள்: சிடி4 500க்கு மேல், வைரஸ் முழுக்க அடங்கியிருக்க வேண்டும். காரணம் எளிது. எச்ஐவியும் அதன் சில மருந்துகளும் வாழ்நாள் முழுக்கச் சிறுநீரகத்துக்குக் கெடுதல் செய்யக்கூடியவை, ஒற்றைக் கிட்னியோடு அவர் இன்னும் முப்பது நாற்பது ஆண்டு வாழ வேண்டும். ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் அதிகம் காணப்படும் ஏபிஓஎல்1 என்ற மரபணு மாற்றம் இருந்தால் அபாயம் இன்னும் கூடும், அதனால் அதையும் பார்க்கிறார்கள். கணவனைக் காப்பாற்றப் போய் மனைவி பத்தாண்டு கழித்து டயாலிசிஸில் படுப்பது வெற்றியல்ல. இறந்தவரின் கிட்னி கிடைக்கும் வாய்ப்பு நியாயமாக இருந்தால், எச்ஐவி உள்ள கொடையாளரை உயிரோடு அறுப்பதை நான் கடைசியாகத்தான் வைப்பேன்.

## எந்த வழியிலும் காத்திருக்கும் கண்ணி: மருந்து மோதல்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. நன்றாகப் போய்க்கொண்டிருந்த மாற்றுச் சிறுநீரகம் இங்கேதான் சத்தமில்லாமல் போகிறது.

நிராகரிப்பைத் தடுக்கும் முக்கிய மருந்து டாக்ரோலிமஸ். குறைந்தால் உடல் கிட்னியைத் தின்றுவிடும், கூடினால் மருந்தே கிட்னியைக் கெடுக்கும், கை நடுங்கும். அதை உடைக்கும் ஈரல் நொதியை ரிட்டோனாவிர், கோபிசிஸ்டாட் என்ற இரண்டு எச்ஐவி மருந்துகளும் கட்டிப்போடுகின்றன. விளைவு எவ்வளவு தெரியுமா? வழக்கமாகத் தினமும் இரண்டு வேளை சாப்பிடும் டாக்ரோலிமஸை, ரிட்டோனாவிர் எடுப்பவர் வாரத்துக்கு ஒரு தடவை, அரை மில்லிகிராம் மட்டும் சாப்பிட வேண்டியிருக்கிறது. வாரம் ஒரு அரை மில்லிகிராம்! ஒரு வேளை மறந்தாலும், இரண்டு தடவை சாப்பிட்டுவிட்டாலும் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எஃபாவிரென்ஸ் என்ற எச்ஐவி மருந்து இதற்கு நேர் எதிர். டாக்ரோலிமஸை வேகமாக உடைத்து அளவைக் குறைக்கும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினும் அப்படியே.

அதனால்தான் பட்டியலில் பெயர் ஏறும் முன்பே, டோலுடெக்ராவிர், பிக்டெக்ராவிர் போன்ற மோதல் குறைந்த மருந்துக்கு மாற்றிவிடுவது வழக்கமாகிவிட்டது. 2010 ஆய்வின் நிராகரிப்பு எண்களை இன்றைக்கு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம் சில நுணுக்கங்கள். டோலுடெக்ராவிர் தொடங்கினால் ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கழிவுப்பொருள்) லேசாக ஏறும். கிட்னி கெட்டதால் அல்ல, கிரியேட்டினின் வெளியேறும் ஒரு வழியை அது அடைப்பதால். இது தெரியாத மருத்துவர் நிராகரிப்பு என்று பயந்து ஊசி போட்டுத் திசு எடுக்க நேரும். டாக்ரோலிமஸ் உடம்பின் மெக்னீசியத்தைக் குறைக்கும், அதற்காக மெக்னீசியம் மாத்திரை தருவார்கள். அந்த மாத்திரை டோலுடெக்ராவிரை வயிற்றிலேயே பிடித்துக்கொண்டு ரத்தத்தில் சேரவிடாது. டோலுடெக்ராவிரை மெக்னீசியம் மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ சாப்பிட வேண்டும். இதை மருந்துச் சீட்டில் நேரம் போட்டு எழுதித்தரச் சொல்லுங்கள்.

கோவிட் வந்தால் தரும் பாக்ஸ்லோவிட் மாத்திரைக்குள் இருப்பதும் ரிட்டோனாவிர்தான். தெரியாத ஒரு அவசர சிகிச்சைப் பிரிவில் அதை எழுதிக் கொடுத்து, நீங்களும் சாப்பிட்டால், இரண்டு மூன்று நாளில் டாக்ரோலிமஸ் விஷ அளவுக்குப் போய்விடும். கிரேப்ஃப்ரூட் வேண்டாம் என்று சொல்வார்கள். நம் பப்ளிமாஸும் அதே குடும்பம், அதுவும் வேண்டாம்.

## பணம்

அமெரிக்காவில் நிரந்தரச் சிறுநீரகச் செயலிழப்புக்கு வயது வரம்பின்றி மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு உதவுவது 1972 சட்டத்தால் வந்தது. டயாலிசிஸ் உள்ளவரை அது நிற்காது. ஆனால் மாற்று அறுவை முடிந்து 36 மாதம் ஆனால், 65 வயதாகாத, வேறு காரணத்தால் தகுதி இல்லாதவருக்கு மெடிகேர் முடிந்துவிடும். மருந்துக்குப் பணம் இல்லாமல் கிட்னியை இழந்தவர்கள் இருந்தார்கள். 2023 ஜனவரி முதல் நிராகரிப்பு மருந்துக்கு மட்டுமான தனிப் பிரிவு ஒன்று வந்திருக்கிறது, மாதக் கட்டணம் கட்ட வேண்டும். எச்ஐவி மருந்து அதில் சேராது. அதற்கு, எச்ஐவி உள்ளவர்களுக்கு அமெரிக்க அரசு உதவும் ரயன் வொயிட் திட்டம் போன்ற தனி வழி பார்க்க வேண்டும். கொடையாளருக்கு எச்ஐவி இருந்ததா இல்லையா என்பது இந்தக் கணக்கை மாற்றுவதில்லை. மாற்றுவது தூரமும், அடிக்கடி எடுக்கும் வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸின் அளவு) சோதனையும்தான்.

## ஒரே பார்வையில்

| | டயாலிசிஸ் | எச்ஐவி இல்லாத கிட்னி மட்டும் | இரண்டுக்கும் சம்மதம் | உயிருள்ள கொடையாளர் |
|---|---|---|---|---|
| ஆயுள் | நான்கிலும் குறைவு | நன்று | ஏறக்குறைய அதே | நான்கிலும் அதிகம் |
| காத்திருப்பு | இல்லை | நீண்டது | குறைய வாய்ப்பு | மிகக் குறைவு |
| இரண்டாவது வைரஸ் | இல்லை | இல்லை | அபூர்வம் | கொடையாளரைப் பொறுத்தது |
| நீண்டகால ஆதாரம் | நிறைய | நிறைய | குறைவு | நிறைய (எச்ஐவி கொடையாளர் எனில் மிகக் குறைவு) |
| மறைந்த விலை | உயிர், நேரம் | ஆண்டுகள் | தூரம், கூடுதல் கண்காணிப்பு | ரகசியம், கொடையாளரின் உடல்நலம் |

## இந்தியாவில் இருப்பவர் இதை எப்படிப் படிப்பது

மூன்றாவது வழி இங்கே படிவத்தில் வரும் வழியல்ல. ஹோப் சட்டம் போன்ற ஏற்பாடு இந்தியாவில் இல்லை. இங்குள்ள தேர்வு பெரும்பாலும் டயாலிசிஸ், நெருங்கிய உறவினரின் கொடை, அல்லது தமிழ்நாட்டில் 2008 முதல் நடக்கும் மூளைச்சாவுக் கொடைத் திட்டத்தின் வரிசை. எச்ஐவி இருப்பதால் மட்டும் ஒருவருக்கு மாற்று அறுவை கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்ஐவி சட்டம், சிகிச்சை மறுப்பைத் தடை செய்கிறது, சம்மதமின்றி ஒருவரின் நிலையை வெளியே சொல்வதையும் தடுக்கிறது. ஆனாலும் தனி இயந்திரம் இல்லை என்று சொல்லி டயாலிசிஸ் மையங்கள் திருப்பி அனுப்புவது கேள்விப்படாத கதையல்ல. ஹெபடைட்டிஸ் பி உள்ளவருக்குத் தனி இயந்திரம் தேவை. எச்ஐவிக்கு அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் வழிகாட்டுதல் அப்படிக் கேட்பதில்லை, எல்லோருக்கும் கடைப்பிடிக்க வேண்டிய பொதுச் சுத்த முறைகளே போதும் என்கிறது. திருப்பி அனுப்பினால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகள் 1986இல் சென்னையில்தான் கண்டறியப்பட்டன. அந்த ஊரிலும் மற்ற ஊர்களிலும் நீண்ட காலமாக மாத்திரை சாப்பிட்டு வருகிறவர்கள் இப்போது சிறுநீரகப் பிரச்சினை வரும் வயதில் இருக்கிறார்கள். ஏஆர்டி (எச்ஐவி சிகிச்சை) மையத்தில் தரும், மூன்று மருந்து சேர்ந்த டிஎல்டி மாத்திரையில் டெனோஃபோவிர் இருக்கிறது, அது சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கிரியேட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்க்கச் சொல்லுங்கள். ஏறத் தொடங்கினால் அபாகாவிர் போன்ற வேறு மருந்துக்கு மாற்றலாம். கூடவே ஹெபடைட்டிஸ் பியும் இருப்பவர் மட்டும் தானாக டெனோஃபோவிரை நிறுத்திவிடக் கூடாது, அந்த வைரஸையும் அதுதான் அடக்கி வைத்திருக்கிறது.

அமெரிக்காவில் இருப்பவருக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு: சிறுநீரகத்தின் வடிகட்டும் அளவு (ரத்தச் சோதனைச் சீட்டில் eGFR) 20க்கு வந்துவிட்டாலே பட்டியலில் காத்திருப்பு நேரம் ஓடத் தொடங்கும், டயாலிசிஸ் தொடங்கும் வரை பொறுக்க வேண்டியதில்லை. பதியப் போகும்போது கேட்க வேண்டியவை மூன்று: இங்கே எச்ஐவி கொடையாளர் அறுவை இதுவரை எத்தனை நடந்திருக்கிறது, கொடையாளர் எந்த மருந்து சாப்பிட்டார் என்ற விவரத்தை அழைப்பு வரும்போது என் எச்ஐவி மருத்துவரும் பார்ப்பாரா, அறுவைக்குப் பின் என் எச்ஐவி மருந்தை மாற்றும் முடிவு யார் கையில். மூன்றாவதற்கு இரண்டு மருத்துவர்கள் இரண்டு பதில் சொன்னால், அதை முதலில் தீர்த்துக்கொண்டு பிறகு படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள்.